சரிவிடத்திலிருந்து திரும்பும் வைத்திய ஊழியரின் மனம்

மலைநாட்டுத் தோட்டமொன்றில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டு போகும்போது, அந்த இடத்திற்கு முதன்முதலாக ஓடிச் சேருகிற வைத்திய ஊழியர் பெரும்பாலும் அதே தோட்டத்தில் குடியிருப்பவர் என்பதை நினைவில் நிறுத்திக்கொண்டு இந்த அத்தியாயத்தை வாசிக்க வேண்டுகிறேன். பிற தேசங்களில் இவ்விஷயத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் அநேகம் உண்டு. அவற்றிற் சொல்லப்படும் ஊழியர், தூரத்து நகரமொன்றிலிருந்து வாகனமேறி வந்து, முன்பின் அறியாத மனிதருக்காகப் பாடுபட்டு, கடமை முடிந்ததும் அந்த ஊரை விட்டுத் திரும்பிவிடுகிறவர். நம்முடைய தோட்ட வைத்தியசாலையில் ஊழியம் செய்பவருக்கோ திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. அவர் மண்ணிலிருந்து தூக்கியெடுத்த பெண், முந்தின நாள் காலையில் அவரிடம் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போனவள். அவளுடைய குழந்தை, அவர் கையாலேயே தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தை. அன்றிரவு அவர் படுக்கப்போகும் அறையும் சரிந்த மலைக்கு எதிர்ப்புறத்தில் அதே மழையின் கீழே இருக்கிறது. இந்த வித்தியாசத்தை உணராமல் அவருடைய மனச்சுமைக்குப் பரிகாரம் தேடுவதில் பிரயோஜனம் இல்லை.

வைத்திய ஊழியர் என்று இங்கே நான் சொல்வது பட்டம் பெற்ற வைத்தியர்களை மட்டுமன்று. தோட்டத்தார் ‘டாக்டர் ஐயா’ என்று அழைக்கும் தோட்ட வைத்திய உதவியாளர், லயம் லயமாக நடந்து கர்ப்பிணிகளைப் பார்த்துவரும் மருத்துவமாது, பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண், டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் கடமையாற்றும் தாதியரும் சிற்றூழியரும், 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸின் சாரதியும் அவசர வைத்திய உதவியாளரும் ஆகிய எல்லாரையும் கருதியே எழுதுகிறேன். அந்த அம்புலன்ஸ் சேவை இந்திய அரசின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டு ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் ஆரம்பமாகி, 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. இவர்களோடு, எந்தச் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாமல், மண்வெட்டியும் கம்பளியும் எடுத்துக்கொண்டு முதலில் இறங்கும் தோட்டத்து வாலிபர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். கம்பளியில் இரண்டு கம்புகளைக் கோத்து நோயாளியைத் தெருவரைக்கும் சுமந்துவரும் அவர்கள் இல்லாவிட்டால் மலைநாட்டில் அவசர சிகிச்சை என்பதே நடவாது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பிள்ளைகளிற் பலர் அதற்குள் பாடசாலைக்குப் போயிருந்தபடியால் உயிர் தப்பினார்கள். அப்படித் தப்பியவர்களுள் சிலருக்கு அன்று மாலை திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. காணாமற் போனவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்று முதலிற் சொல்லப்பட்டு, பின்னர் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. மழை ஓயாமையால், மேலும் சரியும் என்ற அச்சத்தில், தேடும் வேலை இடையிடையே நிறுத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டு மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் ஒரே நாளில் மலைகள் சரிந்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டினூடே கடந்தபோது, பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் எண்ணற்ற சரிவுகள் ஒருங்கே நேர்ந்து, நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. வீதிகள் துண்டிக்கப்பட்ட தோட்டங்களில், வெளியிலிருந்து உதவி வருமுன்னர், உள்ளே இருந்தவர்களே மீட்பவர்களாகவும் வைத்தியர்களாகவும் பிணம் சுமப்பவர்களாகவும் ஆனார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னே அட்டன் வட்டாரம் கண்ட பெருந் துயரம் ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி இரவு, சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற மார்ட்டினேர் விமானம், எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு முன், மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் அருகிலுள்ள சப்த கன்னியர் மலையில் மோதிச் சிதறிற்று. அதிலிருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. உயிருள்ள ஒருவருக்கேனும் கட்டுப் போட வாய்ப்பில்லாத அந்த மலையில், ஏறிப் போனவர்களுக்கு எஞ்சியிருந்த வேலை சிதறியவற்றைத் திரட்டி அடக்கம் செய்வது ஒன்றே. அத்தகைய காட்சிக்குப் பின் ஒருவருடைய சித்தத்தில் நீடித்து நிற்கும் நோய்க்கு இன்று நாம் வழங்கும் ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என்ற பெயர், அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் நோய்நிர்ணயக் கைந்நூலில் 1980ஆம் ஆண்டிலேதான் இடம் பெற்றது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் மறுநாட் காலை பெரட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லையென்றால், கேட்க வேண்டும் என்ற எண்ணமே அந்நாளில் உருவாகவில்லை என்பது காரணம். நமக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

ஊழியரின் மனத்தைக் கெடுப்பது கோரமான காட்சி என்றே பொதுவாக நினைக்கிறார்கள். கோரம் மனத்தைத் தாக்குவது மெய்தான். ஆனால் தோட்டத்தில் அதைக் காட்டிலும் ஆழமாக வெட்டுவது அறிமுகம். மண்ணுக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளிப்படுகிறது. பக்கத்தில் நிற்கும் இராணுவ வீரருக்கு அது ஒரு கை. மருத்துவமாதுக்கோ அந்தக் கையிலுள்ள இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்களும், கட்டைவிரலில் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன வெடிப்பும் போதும், அவள் யார், எந்த லயத்தில் எத்தனையாவது காம்பராவில் இருந்தவள், எத்தனை மாதக் கர்ப்பிணி என்று சொல்லிவிட. சொல்லிவிட முடிவதனாலேயே அடையாளம் காட்டும் வேலை முழுவதும் அவள் தலையில் விழுகிறது. “அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க, இது யாருன்னு தெரியுதா?” என்று ஒருவர் பின் ஒருவராக வந்து அழைக்கிறார்கள், அவளும் கடமையென்று போகிறாள். நாள் முடிவில் அவள் பார்த்த அத்தனை முகங்களை வேறு எந்த ஊழியரும் பார்த்திருக்கமாட்டார்.

ஆகையால் முதல் விதி இதுவாகட்டும்: அடையாளங் காட்டும் பணியை ஒரே ஆளிடம் ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது. கங்காணி, தோட்டத் தலைவர், பாடசாலை ஆசிரியர், கோயில் நிர்வாகத்தினர் எனப் பலரை முறை வைத்து அழைத்துக்கொள்ளலாம். ஒருவர் பார்ப்பது இத்தனை தடவைக்கு மேற்படாதென்று தலைமை ஊழியர் முன்கூட்டியே வரையறுத்துவிட வேண்டும். குழந்தைகளின் உடல்களைப் பார்க்க, குழந்தைகளோடு தினமும் பழகிய பிள்ளை மடுவப் பெண்ணை அனுப்புவது கொடுமை. சொந்தக் குடும்பத்தார் புதையுண்டிருக்கும் ஊழியரையோ வாலிபரையோ அந்தக் குழியில் இறக்கலாகாது. வெளியே அனுப்பியும் விடலாகாது, அனுப்பினால் அவர் பதைபதைத்து மீண்டும் ஓடிவருவார். அவருக்கு மேலே ஒரு வேலை கொடுத்து, தலைவர் அவரிடம் நேராகப் பேச வேண்டும். “தம்பி, கீழ இருக்கிறது ஒங்க மாமா வீடு. நீ இன்னிக்கு எறங்க வேணாம். மேல நின்னு ஸ்ட்ரெச்சர் கணக்கப் பாரு. யாரு கெடைச்சாலும் மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்” என்று சொன்னால் போதும். சொன்ன பிறகு அந்த வாக்கைத் தவறாமல் நிறைவேற்ற வேண்டும். அந்த வாக்குத் தவறிப்போனால் உண்டாகும் காயத்தை எந்த வைத்தியராலும் ஆற்ற முடியாது.

இரண்டு பாஷையும் தெரிந்த ஊழியரின் கஷ்டத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம். அதனால் நான் சற்று விரித்தே சொல்கிறேன். நம் வைத்தியசாலைகளில் வைத்தியர்களிற் பலர் சிங்களம் பேசுகிறவர்கள். மீட்க வரும் இராணுவத்தினரும் பொலிஸாரும் அப்படியே. வந்து விழும் நோயாளிகளிற் பலரோ தமிழ் மட்டுமே அறிந்தவர்கள். இடையில் நிற்கும் தமிழ்த் தாதி ஒருத்திதான் இரு தரப்புக்கும் வாய். தாழ்வாரத்தில் ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவி எழுந்து வந்து, “தாயி, டாக்டர் ஐயா என்ன சொல்றாரு? எம் மக கண்ண முழிச்சிட்டாளா?” என்று கேட்கிறாள். வைத்தியர் சிங்களத்தில் தணிந்த குரலில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த நாலு வார்த்தையைத் தமிழில், தன் குரலில், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியவள் இருபத்து நாலு வயதுத் தாதி. அன்று அந்த வைத்தியசாலையில் நேர்ந்த ஒவ்வொரு மரணச் செய்தியையும் அவளே சொன்னாள். கிழவி மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது அவள் அழவில்லை. பின்னர் வீட்டில் அம்மாவிடம் பேசுவதற்கும் அவளுக்கு வாய் வரவில்லை.

மொழிபெயர்ப்பை ஒரு தனி உத்தியோகமாகக் கருத வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். பிரதேச செயலகத்திலிருந்தோ அருகிலுள்ள பாடசாலையிலிருந்தோ இரு பாஷையும் அறிந்த நாலைந்து பேரின் பெயர்களை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, அனர்த்த வேளையில் அவர்களை அழைத்துக்கொள்ளலாம். மரணச் செய்தியைச் சொல்லும்போது வைத்தியர் அந்த இடத்தை விட்டு அகலாமல், குடும்பத்தாரைப் பார்த்தபடியே நிற்க வேண்டும்; தாதி மொழிபெயர்ப்பவளாக மாத்திரம் இருக்கட்டும், தீர்ப்புச் சொல்பவளாக ஆக வேண்டாம். ஒரு சோகச் செய்தி சொன்னவளை அடுத்த செய்திக்கு உடனே அழைக்காமல், பத்து நிமிஷமாவது வேறு வேலையில் விட வேண்டும். இவையெல்லாம் பணச் செலவில்லாத ஏற்பாடுகள்.

அடுத்து, வேலை நிறுத்தப்படும் வேளை. மழை வலுத்து மலை மீண்டும் அசையத் தொடங்கினால், கீழே உயிர் இருக்கக்கூடும் என்று தெரிந்தும், எல்லோரையும் மேலேற்றிவிட வேண்டியது தலைவரின் தர்மம். ஏறி வந்தவர்களோ அந்த ஒரு மணி நேரத்தைப் பல வருஷம் சுமக்கிறார்கள்; குரல் கேட்டது போலவே இருந்தது என்று இரவில் எழுந்து உட்காருகிறார்கள். அதுபோலவே, அழைப்பு வந்தும் வீதி உடைந்து கிடந்தமையால் போய்ச்சேர முடியாத அம்புலன்ஸ் ஊழியர், தாம் ஒரு பிணத்தையும் காணாதிருந்தும், கண்டவர்களைப் போலவே நோவுகிறார். நிறுத்துவது என்ற முடிவை யார் எடுத்தார் என்பது எல்லாருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் ஒருவர் தமது பெயரால், உரத்த குரலில், காரணத்துடன் அந்த உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். தலைவர் மௌனமாயிருந்து, ஊழியர்கள் தாமாகவே ஏறிவரும்படி விட்டுவிட்டால், கைவிட்டு வந்த பழியை ஒவ்வொருவரும் தத்தம் தலையில் ஏற்றிக்கொள்வார்கள்.

கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மீரியபெத்தை மலை ஆபத்தானதென்று 2005லும் 2011லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் லயங்களில் இருந்தவர்களுக்குப் போக வேறு நிலம் இருக்கவில்லை. தப்பிப் பிழைத்தவர்கள் பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் காத்திருந்தார்கள். இதை அறிந்த ஊழியருக்கு ஆத்திரம் வருவது இயற்கை. அந்த ஆத்திரத்தை நோயென்று பெயரிட்டு மாத்திரை கொடுக்க முனைவது நியாயமாகாது. அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த மலையில் வெடிப்பு, எந்த லயத்துக்குப் பின்னால் ஊற்றுநீர் கலங்கி வருகிறது, எந்தப் பாதையில் அம்புலன்ஸ் திரும்ப முடியவில்லை என்று அவர் சொல்வதெல்லாம் அடுத்த அனர்த்தத்தைத் தடுப்பதற்கான சாட்சியம். தமது வார்த்தை ஓர் அறிக்கையில் ஏறி உரிய இடத்துக்குப் போயிற்று என்று தெரிந்தால் மனம் பாதி இறங்கும்.

இனி, அடையாளங்கள். சரிவிடத்திலிருந்து வந்த முதலிரண்டு வாரங்களில் தூக்கம் கெடுவதும், உணவு செல்லாதிருப்பதும், தகரத்தில் மழைத்துளி விழும் சத்தத்துக்கே உடல் தூக்கிவாரிப் போடுவதும், ஈர மண் வாசனை பட்டவுடன் வயிறு புரட்டுவதும் சகஜம். அவை பலருக்குத் தாமாகவே தணிந்துவிடும். நம்மவர்கள் மனத்தைச் சொல்லி வைத்தியம் கேட்பதில்லை. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு உளைச்சல் என்றே வருவார்கள். தோட்ட வைத்தியசாலையில் பரசிட்டமோல் அடிக்கடி கேட்டுவரும் மீட்பு வாலிபனை, மாத்திரையோடு அனுப்பிவிடாமல், உட்காரவைத்து இராத்திரித் தூக்கம் எப்படி என்று கேளுங்கள். ஒன்றுமே பாதிக்காதவர் போல் கல்லாய் இருப்பவரைக் கல் நெஞ்சக்காரர் என்று எண்ணாதீர்கள். மரத்துப்போவதும் ஒரு காயமே. ஒரு மாதம் கடந்த பின்னும் அதே காட்சி விழிப்பிலும் கனவிலும் திரும்பத் திரும்ப வந்தால், அந்த வழியாகப் போகவே அஞ்சி ஐந்து மைல் சுற்றிப் போனால், பிள்ளைகள் மீது காரணமின்றிச் சீறினால், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வாயில் வந்தால், அவரை மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். கடைசியாகச் சொன்ன அறிகுறிக்கு ஒரு மாதம் அல்ல, ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

சாராயம் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே எழுதுகிறேன். பிணம் தூக்குகிறவனுக்கு ஒரு போத்தல் வாங்கிக் கொடுப்பது தோட்டங்களில் பழைய வழக்கம். இரக்கத்தினால் வந்த வழக்கந்தான். ஆனால் குடித்துத் தூங்கிய தூக்கம் தூக்கமன்று. அது காட்சியை மறைப்பது போல் மறைத்து விடியற்காலையில் இருமடங்காகத் திருப்பித் தருகிறது. அந்த ஒரு வாரத்துப் பழக்கம் ஆயுட் பழக்கமாகி, ஒரு குடும்பத்தையே சரித்துவிடுவதுமுண்டு. சங்கத்தாரும் தலைவர்மாரும் அந்தக் காசுக்குச் சுடு சோறும், உலர்ந்த உடுப்பும், குளிக்க வெந்நீரும் ஏற்பாடு செய்வார்களாக.

மனத்திலுள்ளதையெல்லாம் உடனே கொட்டிவிட்டால் சுமை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பலமாக வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் அவசர சேவை ஊழியராயிருந்து மனோதத்துவம் பயின்ற ஜெஃப்ரி மிட்செல் என்பவர் 1983ஆம் ஆண்டில் இந்த எண்ணத்துக்கு ஒரு முறையை வகுத்தார். சம்பவம் நடந்து சில நாட்களுக்குள் ஊழியர்களை வட்டமாக உட்காரவைத்து, கண்டதையும் உணர்ந்ததையும் ஒவ்வொருவராகச் சொல்லச் செய்வது அதன் சாரம். அது உலகெங்கும் பரவிற்று. பின்னர் செய்யப்பட்ட பரிசோதனைகளில், ஒரே அமர்வில் இப்படிச் சொல்லவைப்பது பிற்கால நோயைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குத் தீங்கே செய்கிறது என்றும் தெரிய வந்ததால், உலக சுகாதார நிறுவனம் அதைச் செய்யாதிருக்கும்படியே புத்தி கூறுகிறது. தோட்டத்தில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. வட்டத்தில் ஒருவர் வாய் திறந்து விவரிக்கும் உடல், அடுத்து உட்கார்ந்திருப்பவரின் தங்கையுடையதாக இருக்கலாம். வெளியூரிலிருந்து ஒரு நாள் வந்து, எல்லாரையும் அழவைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போகும் குழுக்களை வாசலிலேயே மரியாதையாகத் திருப்பியனுப்ப நிர்வாகத்தாருக்கு உரிமை உண்டு. பேச விரும்புகிறவரைப் பேசவிடுங்கள்; விரும்பாதவருடைய மௌனத்தைக் கிளறாதீர்கள். 2011ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வேறு இரு அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூல் போதிப்பதும் இதுவே: நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், தேவையான உதவியுடன் இணை. உதவி செய்கிறவரும் தம்மையும் தம் சகாக்களையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அது தனியே வற்புறுத்துகிறது.

அப்படியானால் ஊழியரின் மனத்தைக் காப்பது எது? ஏற்பாடு. தைரியத்தைப் பற்றிய பிரசங்கங்களைக் காட்டிலும் ஒரு கடமைப் பட்டியல் அதிகம் காப்பாற்றும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை முறையில், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு நிலை. 100 மில்லிமீற்றரானால் ஆயத்த நிலை. 150 மில்லிமீற்றரானால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், வெளியேற வேண்டிய நிலை. முதல் எச்சரிக்கை வந்ததுமே தோட்ட வைத்திய உதவியாளர் தமது பட்டியலை எடுத்து மேசை மீது வைக்கட்டும். அதில் மூன்று விவரங்கள் இருந்தால் போதும்: யார் யார் எந்த நேரத்தில், யாருக்கு யார் துணை, யாருடைய வீட்டார் எந்த லயத்தில். தம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாத தாதி பிறர் பிள்ளைக்கு ஒழுங்காக ஊசி போட முடியாது. ஆகவே ஊழியர்களின் குடும்பங்களை முதலில் பாதுகாப்பான பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ அனுப்பிவிட்டு அந்தச் செய்தியை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இது சுயநலமென்று சிலர் கூறக்கூடும். நான் அதை மருந்துப் பெட்டியை நிரப்புவதற்குச் சமமான முன்னேற்பாடு என்பேன்.

எவரும் தனியாக இறங்கலாகாது. இருவர் இருவராகவே போய் இருவர் இருவராகவே ஏற வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எவரையும் வைத்திருக்கக் கூடாது. ‘நான் போகமாட்டேன்’ என்று பிடிவாதம் செய்கிறவரே முதலில் அனுப்பப்பட வேண்டியவர். சாப்பிடும் இடம் உடல்கள் கிடத்தப்பட்ட இடத்திலிருந்து கண்ணுக்கு மறைவாக இருக்கட்டும். கைத்தொலைபேசியில் படமெடுப்பதைத் தடை செய்யுங்கள். அந்தப் படங்கள் பல மாதங்களுக்குப் பிறகும் ஊழியரின் கைக்கே திரும்பி வருகின்றன.

முறை மாறும்போது தலைவர் ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசியே அனுப்ப வேண்டும். அந்த வார்த்தை மெய்யாக இருக்க வேண்டியது முக்கியம். புதையுண்டவர் முன்னரே இறந்துபோயிருந்தால், “நாம வந்து சேர்றதுக்கு முன்னாலயே அவங்க போயிட்டாங்க, ஒன்னால ஆகக்கூடியத நீ செஞ்சிட்ட” என்று சொல்லலாம். அது மெய்யல்லவென்றால் சொல்லக் கூடாது. கையில் உயிர் பிரிந்ததைக் கண்ட ஊழியருக்கு அது தெரியும். பொய்யான ஆறுதல் அவரை இன்னும் தனியாக்கிவிடும். அவரிடம், “கஷ்டமான வேலை, நீ விட்டுட்டுப் போகல. போய்க் குளிச்சுச் சாப்பிடு, நாளைக்கு நான் வந்து பாக்கிறேன்” என்பதே தகும், மறுநாள் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

கவ்வாத்து வெட்டிய மலையில் உடனே கொழுந்து பறிக்க எந்தத் துரையும் ஆளனுப்புவதில்லை. தளிர் வந்து நிலைபெறக் காலம் விடுகிறார். ஊழியருக்கும் அப்படியே, வேலை முடிந்த மறுநாளே வழக்கமான கிளினிக்கையும் கணக்குப் புத்தகங்களையும் முன்னே போடாமல், சில நாள் ஓய்வும் பிறகு இலேசான கடமையும் தர வேண்டும். முற்றிலும் வேலையிலிருந்து நீக்கி வீட்டில் உட்காரவைப்பதும் நல்லதன்று. சகாக்களின் மத்தியில் இருப்பதே அவருக்குச் சிகிச்சை.

இறந்தவர்களுக்கான சடங்குகளில் ஊழியர்கள் கலந்துகொள்ளும்படி விடுமுறை கொடுங்கள். யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த மனநோய் வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம், பேரனர்த்தம் தனி மனிதரோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்துக் குலைக்கிறதென்றும், ஆகையால் ஆற்றும் முயற்சியும் சமூகத்தின் சடங்குகளையும் உறவுகளையும் துணைக்கொள்ள வேண்டுமென்றும் தமது நூல்களில் வற்புறுத்தியிருக்கிறார். கருமாதி நாளில் இறந்தவளின் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு கை சோறு உண்ட மருத்துவமாது, பிறகு அந்த லயத்து வாசலை மிதிக்க அஞ்சமாட்டாள். உடல் கிடைக்காத குடும்பங்களின் சடங்கு இன்னும் கடினமானது. அங்கே தேடிய வாலிபர்களையும் அழைக்கும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். ‘நீங்க தேடுனீங்க தம்பி, எங்களுக்குத் தெரியும்’ என்று அந்த வீட்டார் வாயால் கேட்பதற்கு ஈடான மருந்து என் அனுபவத்தில் வேறில்லை.

தலைமை ஊழியர் ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் தம்மவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து நலம் விசாரிக்க வேண்டும். அடுத்த வருஷத்து அதே திகதியிலும், அடுத்த பெருமழையின் முதல் இரவிலும் மறவாமல் மீண்டும் கேட்க வேண்டும். அந்தத் தலைமை ஊழியரை யார் கேட்பது என்பதும் பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் எல்லாரையும் விசாரிக்கும் டாக்டர் ஐயாவை ஒருவரும் விசாரிப்பதில்லை. மாவட்டச் சுகாதார அதிகாரியோ பக்கத்துத் தோட்டத்து வைத்திய உதவியாளரோ அந்தப் பொறுப்பை ஏற்கட்டும்.

இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தோட்ட வைத்தியசாலையின் சுவரில், அம்புலன்ஸுக்கு உரிய 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு உரிய 117 ஆகிய எண்களுக்குக் கீழே, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்; அது நோயாளிகளுக்கு மட்டுமன்றி ஊழியர்களுக்கும் உரியதென்று பக்கத்திலேயே குறியுங்கள். அழைக்கும்போது தமிழில் பேச வேண்டுமென்று முதல் வார்த்தையிலேயே கேளுங்கள்.